பை வேண்டாம்

செக் மொழியில் அதன் பெயர் மணி.
மாதாகோவில் கோபுரத்தில் தொங்குவதும் மணி,
கழிப்பறை மூலையில் தலைகீழாய் நிற்பதும் மணி:
ஒரு முழக் கட்டைக் கைப்பிடி, முனையில்
கவிழ்த்த கிண்ணமாய்ச் சிவப்பு ரப்பர்.
இது அடித்தால்
வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

ஒஸ்த்ராவாவில், கரிப்புகை படிந்த கட்டடத்தில்
நாற்பது வருடமாக அதைச் செய்கிறார்கள்.
விற்கிறார்கள் என்று சொல்ல முடியாது.
முதலாளி லுபோர் விருந்துகளில்
"ரப்பர் தொழில்" என்பார்.
டயரா என்று கேட்பார்கள்.
"கிட்டத்தட்ட" என்பார்.

பழைய விளம்பரம் எனக்கு மனப்பாடம்:
மலையருவி, வெள்ளை அங்கி, புல்லாங்குழல்,
கடைசி இரண்டு நொடி
பட்டுத்துணி போர்த்திய ஏதோ ஒன்று.
பார்த்தவர்கள் ஷாம்பூ என்று நினைத்தார்கள்.

கடையில் ஒரு வாரம் நின்றோம், ராத்காவும் நானும்.
வாங்க வருகிறவர் முதலில்
வேறெதையோ எடுப்பார்: ரொட்டி, முட்டைக்கோஸ்,
வீட்டில் யாரும் கேட்காத மெழுகுவர்த்தி.
பிறகு அக்கம்பக்கம் பார்த்து
இதைக் கூடையில் போட்டு
மேலே முட்டைக்கோஸை வைப்பார்.
முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம்.
இந்தக் கைப்பிடி எதற்கும் அடங்காது.
பணம் வாங்கும் பெண் ஜன்னலைப் பார்ப்பாள்.

கூட்டம் வியாழன் காலை.
"நளினமாக இருக்க வேண்டும்" என்றார் லுபோர்.
ராத்கா காகிதங்களைத் திறக்கவே இல்லை.
"உங்கள் வாழ்க்கையின் மிக மோசமான குளியலறை எது?
ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்."
ஹீட்டர் மட்டும் பேசியது.
விற்பனை மேலாளர் பேனாவைக் கழற்றி
மறுபடி மாட்டினார்.

அப்போது கணக்குப் பிரிவு தோப்ரோமிலா,
பில் தவறினால் மட்டும் வாய் திறப்பவர்,
சொன்னார்:

"ஒலோமௌட்ஸ். ஞாயிற்றுக்கிழமை.
அவர் வீட்டார் என்னை முதன்முதலாகப் பார்க்கிற விருந்து.
வாத்துக் கறி.
உள்ளே போனேன், சங்கிலியை இழுத்தேன்.
தண்ணீர் கீழே போகவில்லை.
மேலே வந்தது.
சத்தம் கேட்காமலிருக்க வாஷ்பேசின் குழாயைத் திறந்துவிட்டேன்.
அவர் அம்மா தட்டினார்: கேக் வெட்டலாமா?
வெட்டுங்கள் என்றேன், குதிகால் நனைய.
ஜன்னல் சின்னது. அளந்து பார்த்தேன்.
இருபது நிமிடம் கழித்து
ஒற்றை விரல் தட்டுகிற ஓசை.
தாழ்ப்பாளை நீக்கினேன். ஒரு சாண் திறந்தது.
முகம் இல்லை. கை மட்டும்.
கையில் மணி.
நீட்டிவிட்டு அந்தக் கை
கூடத்துக்குப் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்தது.
அதைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன்."

லுபோரின் தொண்டையில் முதலில் ஒரு 'களக்',
சற்றுப் பொறுத்து இன்னொன்று,
அப்புறம் மொத்தமாகத் திறந்துகொண்டது.
கண்ணைத் துடைத்தபடி
தன் கதையைத் தொடங்கினார்.
அதை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை.

படம் முப்பது நொடி.
அருவியும் இல்லை, குழலும் இல்லை.
கதவு, ஒற்றை விரல், கை, ரேடியோவில் போல்கா.
கடைசியில் ஒரு வரி:
கேட்காமல் நீட்டுங்கள்.

தோப்ரோமிலா ஒரே நிபந்தனை போட்டார்:
"அந்தப் பெண்ணைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது.
தண்ணீரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.
கேக்கைப் பார்த்துச் சிரிக்கட்டும்."
ராத்கா அதை அட்டையில் எழுதி
கேமராவின் முதுகில் ஒட்டினாள்.
மூன்று முறை எடுத்ததைக் கிழித்தோம்,
மூன்றிலும் அந்தப் பெண் கோமாளியாகியிருந்தாள்.

மணி என்ற புனிதச் சொல்லைக் கெடுத்ததாக
ஒரு பாதிரியார் புகார்க் கடிதம் அனுப்பினார்.
கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பு:
எங்கள் இல்லத்துக்கு இரண்டு வேண்டும்.

பிப்ரவரியில் அதே கடை.
கம்பளித் தொப்பி போட்ட ஒருவர்,
ரொட்டி இல்லை, முட்டைக்கோஸ் இல்லை,
கூடைகூட இல்லை,
அதை மட்டும் கொண்டுவந்து மேசையில் நிற்கவைத்தார்.
பணம் வாங்கும் பெண்
ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.
உதட்டை மட்டும் கடித்துக்கொண்டு கேட்டாள்:
"பை வேண்டுமா?"

துப்பாக்கிபோல் தோளில் சாத்திக்கொண்டு
எட்டாம் எண் டிராமுக்கு நடந்தார்.